அமைச்சரின் தொலைபேசி எண்

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கொரோனா ஒருவழியாக ஓய்ந்து, பிராங்பேர்ட்டில் நான் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் மறுபடி ஆட்களை உள்ளே விட ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே விட்டார்களே தவிர, எரிவாயு சிக்கனம் என்று சொல்லி ஹீட்டரைக் குறைத்துவிட்டார்கள். அரங்கத்துக்குள்ளும் எல்லோரும் கோட்டைக் கழற்றாமல்தான் உட்கார்ந்திருப்பார்கள். மழையில் நனைந்த கம்பளி வாசனை மூக்கை அடைக்கும்.

நான் கரூர்க்காரி. பொருளாதாரத்தில் முதுகலை படிக்க வந்தவள். கைச்செலவுக்காக ஜப்பானியத் துறையில் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் குனிந்து வணக்கம் சொல்வார்கள் என்பது மட்டும்தான். அந்தத் துறை அந்தக் குளிர்காலத்தில் பொதுமக்களுக்காக ஒரு சொற்பொழிவுத் தொடர் நடத்தியது. பெருந்தொற்றுக்குப் பிறகு ஜப்பானின் பொருளாதாரமும் சமூகமும் என்பது தலைப்பு. வியாழக்கிழமை மாலை, வாரம் ஒரு பேச்சாளர், யார் வேண்டுமானாலும் வரலாம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். வெளியே வர முடியாதவர்களும் இன்னும் பயந்துகொண்டிருந்தவர்களும் வீட்டிலிருந்தே கணினியில் பார்ப்பார்கள். அந்த வீட்டுக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதுதான் என் வேலை.

சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய பாடு. திரையில் ஆளுக்கொரு சின்னச் சதுரம். பாதிப் பேர் நெற்றியை மட்டும் காட்டுவார்கள். சிலர் வீட்டு விட்டத்தைக் காட்டிவிட்டு அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்திலேயே எல்லோருடைய ஒலியையும் அடைத்துவிட வேண்டும் என்பது துறையின் விதி. அடைக்க என்னால் முடியும். திறக்க முடியாது. அவரவர் திரையில் வரும் கேள்விக்கு அவரவரே சம்மதம் என்று அழுத்தினால்தான் திறக்கும். அதனால் வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் கேள்விகளை எழுதி அனுப்புவார்கள். நான் தொடரை நடத்திய பேராசிரியையிடம் கொடுப்பேன். அவர் வாசிப்பார்.

அரங்கத்தின் ஒலி, ஒளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். சிறுவயதில் அகதியாக வந்து, இங்கேயே படித்து, பல்கலைக்கழகத்திலேயே வேலையில் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கூட்டம் முடிந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தி மொத்தமாக மூடிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம். எனக்கு அது வராது. விருந்தாளி உள்ளே இருக்கும்போது யாராவது கதவைச் சாத்துவார்களா? கடைசிச் சதுரம் மறையும்வரை உட்கார்ந்திருப்பேன். வெளியேறத் தெரியாத பெரியவர்களுக்கு, "வலது பக்கம், கீழே, சிவப்பு" என்று வழி சொல்லுவேன். யாழ்ப்பாணத்துக்காரர் வயர்களைச் சுருட்டிக்கொண்டே சீண்டுவார்.

"என்ன தங்கச்சி, எல்லாரையும் பஸ் ஏத்திவிட்டுத்தான் வீட்டை போவியளோ?"

அன்றைய பேச்சு தனிமையைப் பற்றியது. தொற்றுக் காலத்தில் ஜப்பான் அரசு தனிமைக்கென்றே ஒரு அமைச்சரை நியமித்த கதையைப் பேச்சாளர் விவரித்தார். மூடிய சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள், அவற்றோடு போன பழகிய முகங்கள், வீட்டுக்குள்ளேயே சுருங்கிப்போன முதியவர்கள் என்று போயிற்று பேச்சு. கேள்வி நேரத்தில் வீட்டுக் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: "அந்த அமைச்சரின் தொலைபேசி எண் எங்கே கிடைக்கும்?"

பேராசிரியை அதை வாசித்ததும் அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். இங்கே பல்கலைக்கழகத்தில் கைதட்டமாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். தடதடவென்று தட்டினார்கள். பேச்சாளர், "எனக்குக் கிடைத்தால் உங்களுக்கும் சொல்கிறேன்" என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

கூட்டம் முடிந்தது. பேச்சாளரின் படங்களை எடுத்ததும் பெரிய திரையில் தானாகவே வீட்டுக் கூட்டத்தின் சதுரங்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றாக மறைந்தன. மீதமிருந்த சதுரங்கள் அதற்கேற்பப் பெரிதாகிக்கொண்டே வந்தன. கடைசியில் ஒரே ஒரு முகம், சுவர் அகலத்துக்கு. பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு முதியவர். பின்னால் சமையலறை அலமாரி, அதில் ஒரு பழைய ரேடியோ. தலை தோளில் சாய்ந்திருந்தது. பெயரைப் பார்த்தேன். தொலைபேசி எண் கேட்டவர்.

"எல்லாரும் போயிட்டாங்க அண்ணா. இவர் மட்டும் தூங்கிட்டார்னு நினைக்கிறேன். மூடிடட்டுமா?"

அண்ணா வயரைக் கீழே போட்டுவிட்டுத் திரையருகே வந்தார்.

"மூடாதேங்கோ" என்றார். "வாயைப் பாருங்கோ, ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கு. இதை மூடினா, பிறகு ஆளை எங்க போய்த் தேடுறது?"

ஒலிவாங்கியில் பெரியவரைக் கூப்பிட்டேன். பேராசிரியையும் ஓடி வந்து கூப்பிட்டார். ஒலியைத் திறக்கச் சம்மதம் கேட்கும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். அவர் திரையில் அந்தக் கேள்வி வந்து வந்து நின்றிருக்கும். அழுத்த வேண்டியவர் அசையவில்லை. எங்கள் குரல் அந்தச் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து எங்களுக்கு ஒரு முனகல்கூடக் கேட்க வழியில்லை.

அப்போதுதான் கோட் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து நின்றார். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர், ஒவ்வொரு வியாழனும் மூன்றாவது வரிசையில் உட்காருபவர். "அவர் என் பக்கத்து இருக்கைக்காரர்" என்றார். கொரோனாவுக்கு முன்பு பல வருடங்கள் இருவரும் அருகருகே அமர்ந்து இப்படிப்பட்ட சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறார்கள்.

"எங்கே குடியிருக்கிறார்?" என்று பேராசிரியை கேட்டார்.

அவர் வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி கொண்டுவருவார், ஒரு காலத்தில் ஒசாகாவுக்கு இயந்திரம் விற்கப் போனவர், குளிர் ஆகாது, மனைவி இல்லை. இதெல்லாம் அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. தெரு தெரியாது. "அதையெல்லாம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்தேன்" என்றார்.

முகவரி இல்லாமல் ஆம்புலன்ஸை எங்கே வரச் சொல்வது? பேராசிரியை துறைச் செயலாளரை வீட்டில் கூப்பிட்டார். நிகழ்ச்சி நிரலைத் தாளில் கேட்கும் முதியவர்களுக்குத் தபாலில் அனுப்புவது அவர்தான். தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கொடுத்த கணினி இன்னும் அவரிடமே இருந்தது. தனிப்பட்ட விவரத்தைச் சொல்லலாமா என்று செயலாளர் தயங்கியது ஸ்பீக்கரில் கேட்டது. தகவல் பாதுகாப்பைப் பற்றி வாரத்துக்கொரு மின்னஞ்சல் எங்களுக்கெல்லாம் அனுப்புகிற அதே பேராசிரியை, "நான் பொறுப்பு, வாசியுங்கள்" என்றார். அண்ணா ஏற்கனவே அவசர உதவிக்குப் போன் அடித்துக் காத்திருந்தார். கேட்கக் கேட்க முகவரியைத் திருப்பிச் சொன்னார்.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அண்ணா கண்ணை எடுக்காமல், "மூச்சு எடுக்கிறார். ஸ்வெட்டர் அசையுது, வடிவாப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். எனக்கு ஒரு நேரம் அசைவது போலிருந்தது, ஒரு நேரம் இல்லாதது போலிருந்தது. கரூரில் என் அப்பாவுக்கு ஒரு முறை நெஞ்சு வலி வந்தபோது தெருவே வீட்டுக்குள் வந்து நின்றது. எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலை நினைத்துக்கொண்டே நின்றேன்.

மருந்துக்கடை அம்மாள் என்னிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். "இப்போது வந்துவிடுவார்கள்" என்று தொடங்கி, வாயில் வந்ததையெல்லாம் பேசினார். அரங்கம் குளிராக இருக்கிறது, நீங்கள் வராததே நல்லது. காபி இயந்திரத்தை மாற்றிவிட்டார்கள், சகிக்கவில்லை. அடுத்த வாரம் அரிசி விலையைப் பற்றிப் பேச்சு, உங்களுக்குப் பிடிக்கும். இத்தனைக்கும் நடுவே ஒரு தடவைகூட ஒருமையில் பேசவில்லை. பல வருடப் பழக்கத்தின் மரியாதையை அப்போதும் விடவில்லை. அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் அழுதுவிட்டேன்.

திடீரென்று திரையில் வெளிச்சம் மாறியது. கதவை உடைத்தார்களோ, யாராவது திறந்துவிட்டார்களோ, ஒன்றும் கேட்கவில்லை. பளிச்சென்ற சட்டை போட்ட இருவர் உள்ளே வந்தார்கள். ஒருவர் பெரியவரைத் தாங்கித் தரையில் படுக்கவைத்தார். இன்னொருவர் அம்மாளின் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடி, கணினியைக் கண்டு, நேராக எங்களைப் பார்த்து என்னமோ சொன்னார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தோம். சொல்லிவிட்டுக் கணினியின் மூடியை மடக்கிவிட்டார். அவ்வளவுதான். திரையில் நான் மட்டும் மீதமிருந்தேன்.

ரயில் நிலையம்வரை அண்ணாவும் நானும் சேர்ந்து நடந்தோம். பாதி வழியில் அவர் கேட்டார்.

"தங்கச்சி, உங்கட அட்ரஸ் இஞ்ச ஆருக்குத் தெரியும்?"

யோசித்தேன். "அம்மாவுக்குத் தெரியும்."

"கரூரில இருந்து ஆர் வந்து கதவு தட்டுறது?"

அவரே தொடர்ந்து, "என்ரையும் ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா செத்தாப் பிறகு என்னட்ட ஒருத்தரும் வாறேல்லை" என்றார். அவர் அம்மா கொரோனாவில் போனது எனக்கு அன்றுதான் தெரியும். எத்தனை வியாழன்கள் என்னைக் கேலி செய்திருப்பார், நானும் கேலி செய்திருப்பேன். கேட்டதே இல்லை. நடைமேடையில் நின்று ஒருவர் முகவரியை ஒருவர் கைப்பேசியில் எழுதிக்கொண்டோம்.

பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பேராசிரியை விசாரித்தார். மருந்துக்கடை அம்மாள் மருத்துவமனைக்கு நேரிலேயே போய்க் கேட்டார். உறவினருக்கு மட்டும்தான் சொல்வோம் என்று முடித்துவிட்டார்கள். பக்கத்து இருக்கை என்பது உறவில் சேராது. வீட்டு மணியில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது, அழுத்தினால் யாரும் திறக்கவில்லை என்று வந்து சொன்னார் அந்த அம்மாள். தொடர் முடியும்வரை ஒவ்வொரு வியாழனும் பக்கத்து இருக்கையில் தன் கம்பளிச் சால்வையைப் போட்டு வைத்தார், நம் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல. நானும் இணைய அறையைச் சீக்கிரமே திறந்துவைத்துப் பார்த்தேன். அந்தப் பெயர் வரவில்லை.

இப்போது நான் இங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வியாழன் காலையில் அண்ணாவிடமிருந்து ஒரு வரி வரும்: "இருக்கிறியளோ?" "இருக்கேன்" என்று அனுப்புவேன். பதிலுக்கு நானும் அவரைக் கேட்பேன், "ஓம்" என்று வரும். வேறு பேச்சு பெரும்பாலும் இருக்காது. ஒரு வாரம் மதியம்வரை "ஓம்" வரவில்லை. கோட்டைப் போட்டு, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. போனில் சார்ஜ் இல்லையாம். நல்லா திட்டினேன்.

அலுவலகக் கூட்டங்களில் கடைசிச் சதுரம் மறையும்வரை இன்னும் நான் வெளியேறுவதில்லை. எல்லோரும் போன பிறகு என் முகம் மட்டும் திரையில் நிற்கும் அந்த நேரத்தில் அரங்கம் சிரித்த சத்தம் காதில் கேட்கும். அந்த அமைச்சரின் எண்ணைப் பெரியவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று யாராவது எனக்கு உறுதியாகச் சொல்லிவிட்டால் போதும் என்றிருக்கிறது.