ஆனிக்குள் முடிக்கச் சொன்ன எஸ்தர்

விசா மையத்துக்குள் கைப்பேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அன்று சென்னையில், எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் என் பேசியைக் கொடுத்துவிட்டு மாணவி கோகிலாவோடு உள்ளே போயிருந்தேன். இத்தாலியில் ஓராண்டு ஆய்வு செய்யத் தேர்வானவள் அவள். கவுண்டரில் காகிதங்களைப் புரட்டிப் பார்த்த பெண், "ரெண்டு யுனிவர்சிட்டிக்கும் உள்ள அக்ரிமெண்ட் முடிஞ்சு போச்சே மேடம். ரினியூ பண்ண காப்பி வேணும். இந்த மாசத்துக்குள்ள குடுத்துடுங்க" என்றார். வெளியே வந்து பேசியை வாங்கினால் திரை முழுக்க எங்கள் அலுவலக எண். திருப்பி அழைத்தேன். "எஸ்தர் மேடம் தவறிட்டாங்க மேடம்" என்றார் அலுவலக உதவியாளர். அவர் சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது. ஆனாலும் என் கை அடுத்ததாக எஸ்தரின் எண்ணைத்தான் அழுத்தியது. ஒப்பந்த நகல் கேட்கிறார்கள் என்று அவளிடம் சொல்லியாக வேண்டுமே. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

வருகிற புதன்கிழமை நம் பல்கலைக்கழக அரங்கில் நடக்கும் நினைவுக் கூட்டத்தில் வாசிக்க என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நெகிழ்ச்சியாக இருக்கட்டும் என்றார் பதிவாளர். எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை, கோபமும் பயமும்தான் வருகின்றன. நூலகத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் சத்தத்தில் இயங்கும் பன்னாட்டு ஒத்துழைப்பு அலுவலகத்தில் எஸ்தர் ஒருங்கிணைப்பாளர், நான் அவளுக்கு அடுத்த இடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு ஆராய்ச்சி, மாணவர் பரிமாற்றம், அதற்கான ஒப்பந்தம், அறிக்கை, விசா எல்லாம் எங்கள் தலையில். ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்தோம். சண்டை போட்ட நாளில்கூட மதியச் சாப்பாட்டைப் பிரித்துத்தான் சாப்பிட்டோம்.

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும் என்றால் ஆடி மாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் வேந்தர் ஐயா ஆடியில் புதிதாக எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஒரு பாலிடெக்னிக்கில் தொடங்கி இந்தப் பல்கலைக்கழகத்தை எழுப்பியவர் அவர். ஆடியில் எதையும் தொடங்காமல் இருந்ததால்தான் எதுவும் கெட்டுப்போகவில்லை என்பது அவர் நம்பிக்கை. இத்தாலிக்காரர்களுக்கோ ஆகஸ்ட் மாதம் முழுக்கப் பூட்டு. பல்கலைக்கழகத்தையே சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். நம் ஆடி முடியக் காத்திருந்தால் அவர்கள் ஊரில் கதவைத் திறக்க ஆள் இருக்காது. எஸ்தர் இந்தக் கணக்கை முதல் வருடமே புரிந்துகொண்டாள். "ஆனிக்குள்ள முடி தாட்சா" என்பதுதான் என்னிடம் அவள் அதிகமாகச் சொன்ன வாக்கியம். தை பிறந்ததும் வரைவு, பங்குனியில் வக்கீல்கள், ஆனியில் கையெழுத்து என்று வருடத்தையே மடித்து வைத்திருந்தாள்.

அவள் முசரவாக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒருமுறை நான் ஐயாவின் ஆடியைப் பற்றி எரிச்சலாக ஏதோ சொன்னபோது சிரித்தாள். "எனக்கு ஆடியும் கெடையாது, ஆகஸ்டும் கெடையாது. அவருக்கு அது இருக்குது, அவங்களுக்கு இது இருக்குது. ரெண்டு பேரும் மனசார நம்பறாங்க. நடுவுல ஒருத்தி இருக்கணுமில்ல, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றாள். பன்னாட்டு ஒத்துழைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

இத்தாலியிலிருந்து பேராசிரியர் மார்த்தாவின் குழு முதன்முதலாக வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஆய்வைச் சேர்ந்து செய்யலாமா என்று பார்க்க வந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று யாரோ பெருமாள் கோயில் கருடசேவை அன்றைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். விடியும் முன்பே ஊருக்குள் வரும் சாலை எல்லாம் அடைபட்டுவிட்டது. ரங்கசாமி குளத்துக்கு அந்தப் பக்கம் கார் நின்றுவிட, எஸ்தர் அவர்களைக் கூட்டத்துக்குள் நடத்திக் கூட்டிவந்தாள். அரங்கில் பொன்னாடைகளோடு நாங்கள் காத்திருக்க, அவர்கள் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யார் எந்தச் சோதனையைச் செய்வது, மாணவர்கள் எங்கே தங்குவது என்று எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். மதியம் அரங்குக்கு வந்த மார்த்தா, பேச இனி ஒன்றுமில்லை, சாப்பிடலாம் என்றார். வரவேற்புரைக்குத் தயாராக நின்ற பதிவாளரின் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வெறும் புகைப்படத்துக்கான ஒப்பந்தங்கள் அவளுக்குப் பிடிக்காது. தரச்சான்றுக் குழு வரவிருந்த ஒரு வருடம், ஒரு முகவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தவர் என்று கோட்டும் டையுமாக யாரையோ அழைத்துவந்து, உடனே கையெழுத்திட்டால் நம் ஒப்பந்தப் பட்டியலில் ஒன்று கூடும் என்றார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை வகுப்பறை என்று எஸ்தர் கேட்டாள். முகவருக்குத் தெரியவில்லை. "போட்டோவுல எந்தப் புள்ளையும் போய்ப் படிக்க முடியாது சார்" என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டாள். அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் கேட்டு நான் குதித்தேன், அவள் கேட்கவில்லை. இத்தனை நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியவளின் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரையும் கிடையாது. அழைப்பு வரும்போதெல்லாம் துறைத்தலைவர்கள்தான் விமானம் ஏறினார்கள். இதை இங்கே சொல்வது சிலருக்குச் சங்கடமாக இருக்கும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

கோகிலாவின் வீட்டுக்கு எஸ்தரோடு நானும் போனேன். பிள்ளையார்பாளையத்தில் கோகிலாவின் அப்பா தறியில் இருந்து இறங்காமலேயே பேசினார். "பொண்ணு தனியா அவ்ளோ தூரம் போறதுன்னா மனசு ஒப்பல மேடம். ஒரு நல்ல எடம் வேற வந்துக்கினு இருக்குது. ஆவணில முடிச்சுடலாம்னு இருக்கோம்." நானாக இருந்தால் பெண் கல்வி பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பேன். எஸ்தர் தரையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"வேணாம்னு சொல்ல நான் யாருண்ணா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆவணி பொறக்கும்போது அவ கையில விசா இருந்துதுன்னா அனுப்பிடணும்."

"வரலன்னா?"

"வரலன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவர் தறிக்குள் நூலோடு ஓடும் நாடாவை ஒருமுறை தள்ளிவிட்டார். "சரிம்மா. விசா வந்தா அனுப்பறேன். வரலன்னா அப்புறம் யாரும் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். உள்ளே கதவோரம் நின்ற கோகிலா அழுதாள். எல்லோரிடமும் ஒரு கெடு வாங்கிவிடுவது எஸ்தரின் பழக்கம். இந்தக் கெடுவைக் காப்பாற்ற அவள் இருக்கமாட்டாள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

புதுப்பிப்பு ஒப்பந்தம் ஆனியிலேயே தயாராகிவிட்டது. கடைசி வாரத்தில் கையெழுத்து என்று நாளும் குறித்தாயிற்று. அந்த வாரம்தான் அவளுக்குக் காய்ச்சல். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் படுக்கையிலிருந்து அழைத்தாள். குரல் உடைந்திருந்தது.

"கையெழுத்து ஆச்சா தாட்சா?"

"ஐயா தள்ளி வெச்சுட்டாரு. நீ எழுந்து வந்தப்புறம் விழாவா வெக்கணுமாம். இத்தினி வருஷமா நீ போட்டோவுலயே இல்லியாம், உன்ன நடுவுல நிக்க வெக்கணுமாம்."

"நான் இல்லன்னா என்ன, பேனா இருக்குதுல்ல? போய்ச் சொல்லும்மா. ஆடி வந்துடும்" என்றாள்.

போய்ச் சொன்னேன். ஐயாவின் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கும்போது நான் மாலை போட்டுக்கினு நிக்கறதாம்மா? மனசு வருமா?" என்றார். அதில் பொய் இல்லை. எஸ்தர் மேல் அவருக்கு இருந்த பிரியம் எனக்குத் தெரியும். அந்தப் பிரியம்தான் எங்களைக் கவிழ்த்துவிட்டது. வேறு ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் பார்த்த வேலையை முடித்துவிட்டு வந்து நலம் விசாரிப்பார்கள். நம் ஊரில் மரியாதைக்காக வேலையை நிறுத்திவிட்டு ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போவோம். ஆனி முடிந்தது, ஆடி பிறந்தது, மூன்று நான்கு நாளில் அவள் போய்விட்டாள்.

முசரவாக்கத்தில் அடக்கம் நடந்தபோது மார்த்தா வீடியோ அழைப்பில் இருந்தார். ஒரு மாணவன் பேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். மண் விழும் சத்தம் கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் முடிந்து நான் பேசியை வாங்கியபோது, இந்த வெள்ளிக்கிழமை வரை தன் அலுவலகத்தைத் திறந்து வைத்திருக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அதற்குள் நம் கையெழுத்து வராவிட்டால் இந்த வருட இடம் போய்விடும், அடுத்த வருடம் நிதி இருக்குமா என்பதே தெரியாது என்றார். திரும்பிப் பார்த்தால் எஸ்தரின் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். "எம் பொண்ணு வேலையெல்லாம் இப்ப யாரும்மா பாக்கறது?" என்று கேட்டார். நான்தான் பார்க்கிறேன் என்றேன்.

அதன்பிறகு நான் ஏறாத படி இல்லை. ஐயா ஆவணி முதல் வாரம் என்கிறார். ஆடிப் பதினெட்டு நல்ல நாள்தானே என்று பதிவாளர் ஒரு வழி கண்டுபிடித்தார், அது ஆகஸ்டில் வருகிறது. எஸ்தரின் இடத்தில் இன்னொருவரை நியமிப்பதுகூட ஆடி போகட்டும் என்கிறார்கள். அதனால் இன்று அந்த அலுவலகத்தில் அதிகாரம் உள்ளவர் என்று ஒருவரும் இல்லை. வருகிற மின்னஞ்சல்களுக்கு எந்தப் பெயரில் பதில் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை. எஸ்தர் மேல்கூடக் கோபம் வருகிறது. ஆனிக்குள் முடி என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் இப்படியா பாதியில் விட்டுவிட்டுப் போவாள்?

ஆடியை நான் கேலி செய்யவில்லை. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டுப் பெண்தான் நானும். ஆனால் ஆடி பிறந்துவிட்டது என்று நம் வீடுகளில் யாரும் தறியை நிறுத்துவதில்லை. ஏற்கெனவே பாவு நூல் பூட்டிய சேலையை நெய்துகொண்டுதான் இருக்கிறோம். இந்த ஒப்பந்தமும் புதிது இல்லை, பல வருடமாக ஓடிக்கொண்டிருப்பது. இதை ஐயாவிடம் சொன்னேன். "நீ சொல்றது நாயந்தாம்மா. ஆனா ஒரு சாவு வேற நடந்துபோச்சே" என்றார். அந்தச் சாவை எனக்கே அவர் நினைவூட்டியதும் நான் எழுந்து வந்துவிட்டேன்.

இரங்கல் கூட்டத்துக்கு யாரும் ஆடி பார்க்கவில்லை. அரங்கு தயாராகிவிட்டது, மலர்வளையம் சொல்லியாகிவிட்டது. மேடையின் நடுவில் எஸ்தரின் படம் இருக்கும்.

அவளுடையது என்று நான் எதை வைத்துக்கொள்வது என இந்த நாட்களில் யோசித்தேன். அவள் நாற்காலி வேண்டாம், அதில் உட்கார எனக்குத் துணிவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாருடைய மறுப்பையும் எஸ்தர் தான் சுமந்துபோய்ப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. விடுப்பு தரமுடியாது, கட்டணத்தைத் திருப்பித் தரமுடியாது என்று யார் சொன்னாலும், அந்தப் பிள்ளையை அழைத்துவந்து அவர் முன்னால் நிறுத்துவாள். "இவகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார், எனக்கு வாய் வரல" என்பாள். குரலை உயர்த்தமாட்டாள். நகர்ந்து சுவரோரம் நின்றுகொள்வாள்.

ஐயா, உங்களுக்கு இதை முன்கூட்டியே அனுப்புகிறேன். புதன்கிழமை முன்வரிசையில் உங்களுக்கு நேர் எதிரே கோகிலாவை உட்காரவைக்கிறேன். அவள் அப்பாவும் வருகிறார். ஒப்பந்தம் என் கையில் இருக்கும். மார்த்தாவின் அலுவலகம் மூட அன்றைக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு ஆவணி என்றால் கல்யாணம், நீங்கள் ஆவணி என்று சொன்னால் அதற்குப் பொருள் அதுதான். அதையே சொல்வதாக இருந்தால், எஸ்தரின் படத்துக்குப் பூப்போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது கோகிலாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.