சீட்டு வராமல் கரண்ட் கிடையாது

எழுபதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையின் பவர் ஹவுஸில் எனக்கு வேலை. சுவிட்ச் போர்டின் முன்னால் நாற்காலி, ஒரு டெலிபோன், ஒரு பெர்மிட் புத்தகம். இந்த மூன்றில் என் உயிரை வாங்கியது அந்தப் புத்தகம்தான்.

நான் சேர்வதற்கு முன்னால் ஒரு தொழிலாளியின் கை மெஷினில் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த விதி இது. மெஷினில் கை வைக்கப் போகிறவர் முதலில் என்னிடம் வந்து பெர்மிட் வாங்க வேண்டும். நான் சுவிட்சை அணைத்து, ப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி, என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுச் சீட்டு எழுதித் தருவேன். வேலை முடிந்ததும், எல்லா ஆட்களும் வெளியே வந்துவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டு, வாங்கியவரே அதைத் திருப்பித் தரவேண்டும். பிறகுதான் கரண்ட். பழைய மேஸ்திரிகள் இதைப் 'பெர்மி' என்பார்கள், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில். எந்தப் பெயரில் சொன்னாலும் அதைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பார்கள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஃபிட்டர் வந்து நெசவுக் கூடத்துக்குப் பெர்மிட் வாங்கிப் போனார். அந்தக் கூடத்தில் தரைக்கு அடியில் ஒரு நீளமான பள்ளம் உண்டு. அதில்தான் பெரிய ஷாஃப்ட்டும் பெல்ட்டுகளும் ஓடும். ஷாஃப்ட்டில் ஒரு பேரிங் மாற்ற வேண்டும், ஒரு மணி நேர வேலை என்றார். பன்னிரண்டு ஆகியும் சீட்டு வரவில்லை. போன் வந்தது, நெசவுக் கூடத்துக்குப் பொறுப்பான வீவிங் மாஸ்டரிடமிருந்து.

"வேலை முடிஞ்சு அரை மணி ஆவுது. கரண்ட்ட குடுங்க."

"சீட்டு வரலையே சார்."

"ஃபிட்டர் போறத நான் பாத்தேன்யா."

"எங்கிட்ட வரல சார்."

இதே பேச்சு மூன்று தடவை போனில் நடந்தது. நான்காவது தடவை அவரே நேரில் வந்து நின்றார். பின்னாலேயே நெசவாளிகள் ஐந்தாறு பேர். தறி நின்றால் அவர்களுக்குக் கூலி கிடையாது. அவர்கள் கோபத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஃபிட்டர் மேல் வரவேண்டிய கோபம் ஏன் என் மேல் வருகிறது?

"சீட்டா துணி நெய்யப் போவுது?" என்று மாஸ்டர் கத்தினார்.

"இன்னா சார் நீங்க, நாங்க சும்மா குந்தினு இருக்கோம்," என்றார் ஒரு நெசவாளி.

டிராயர் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கொடுத்துத் தொலைத்துவிட்டால் நிம்மதி என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. வாசல் காவலாளியைச் சைக்கிளில் ரெட்டியார்பாளையத்துக்கு, ஃபிட்டர் வீட்டுக்கு, விரட்டினேன். மச்சான் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று யாரிடமும் சொல்லாமல் சாப்பிடப் போயிருக்கிறார் மனிதர்! முக்கால் மணி நேரம் கழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு வந்து சேர்ந்தார்.

"சீட்டு எங்க?"

"அந்தச் சட்டைய ஊட்டுல ஊற வச்சிட்டாங்க. சீட்டு அதுலதான் இருந்துது. கரைஞ்சு போச்சு."

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. மாஸ்டருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "அப்புறம் இன்னா? ஆளே வந்தாச்சு. போடுங்க," என்றார்.

"சீட்டு போனா போவட்டும். புத்தகத்துலயே கையெழுத்துப் போடட்டும். ஆனா பள்ளத்துல எறங்கிப் பாத்துட்டு வந்து போடட்டும்," என்றேன்.

"நான் கெளம்பும்போது அங்க ஒரு ஈ காக்கா இல்ல," என்றார் ஃபிட்டர்.

"நீங்க கெளம்பி ஒன்றரை மணி ஆவுது. போயி பாத்துட்டு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். மாஸ்டர் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். பத்து நிமிடத்தில் ஃபிட்டர் திரும்பி வந்தார். வெற்றிலையைத் துப்பியிருந்தார்.

"உள்ள ஆள் இருக்குது," என்றார்.

ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் போடும் ஆயில்காரர். மெஷின் நின்றிருப்பதைப் பார்த்ததும், இதுதான் சமயம் என்று பள்ளத்தின் கோடிவரை தவழ்ந்து போய், புல்லியில் சுற்றியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பெர்மிட்டும் வாங்கவில்லை. பிறகு அவரைக் கூட்டி வந்தபோது, "நின்னுதான சார் இருந்துது," என்றார், ஏதோ நான் புரியாத ஆள் என்பதுபோல.

மாஸ்டர் தறிகளைப் பார்க்கப் போனார். ஃபிட்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். நான் ப்யூஸ் கட்டைகளைச் செருகினேன். சுவிட்சைப் போட்டேன். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது.

மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. உற்பத்தி நின்றதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஃபிட்டரிடம் அல்ல, என்னிடம்! ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "சரி, சரி" என்று ஃபைலில் வைத்தார். ஆயில்காரரை ஒரு நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தினார்கள். அதற்கு அவர் மனைவி குருசுக்குப்பத்திலிருந்து நடந்து வந்து, ஷிப்ட் விடும் நேரத்தில், கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மாட்டிவுட்டதாலதான எங்க ஊட்டுக்காரருக்கு வேலை போச்சு?"

"ஒரு நாள்தானம்மா. நான் அப்படிச் செய்யலைன்னா…"

"செய்யலைன்னா இன்னா?"

அவருக்கு யாரும் முழுக் கதையைச் சொல்லவில்லை என்று புரிந்தது. அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பள்ளத்தில் இறங்குகிற ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று அப்புறம் ஓர் ஆர்டர் போட்டார்கள். இரண்டு வாரம் ஊரே சீட்டுக் கேட்டது. பல்பு மாற்றக்கூட ஒருவர் வந்து நின்றார். மூன்றாவது வாரம் பழைய கதை. மறுபடியும் நான்தான் ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நின்றேன். ஆயில்காரர் மட்டும் சனிக்கிழமைதோறும் தவறாமல் வந்தார். பெர்மிட் வாங்குவார், வேலை முடிந்ததும் சீட்டை என் மேஜையில் விட்டெறிவார், என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார். நான் அங்கே வேலை பார்த்தவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டில் கையெழுத்து மட்டும் சரியாக இருக்கும்.