எழுத்தில்லாத அம்பு

“வருவோர் எவரும் வழி தவறாமல் உரிய இடம் சென்று சேர்வதை உறுதி செய்பவர்.” ஆஸ்பத்திரி நிர்வாகம் அவருடைய வேலையை இப்படித்தான் வர்ணித்து வைத்திருந்தது. அதே மனிதர்தான் ஒருநாள் ஒரு மாடி கூடுதலாக ஏறி, மேல்வீட்டுப் பூட்டில் தன் சாவியை விட்டுத் திருகி, பூட்டு கெட்டுப்போச்சு என்று கதவைத் திறந்த வீட்டுக்காரரிடமே புகார் சொன்னவர்.

அம்பு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பலகை வெட்டுவது, எழுத்து ஒட்டுவது, அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. வேலையில் கறார். குடித்த மறுநாள்கூட ரசமட்டம் வைத்துத்தான் மாட்டுவார். பலகை நேராக நிற்கும்; அவர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள் என்று அவர் மனைவி எங்கேயோ விசாரித்து வந்தாள். இடம் வேறெங்கும் இல்லை, அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் அடித்தளம்.

“அப்ப உங்களுக்கு வழி சொல்லவே வேண்டாம்,” என்றாள்.

சொல்ல வேண்டியிருந்தது. அடித்தளத்துக்கு நோயாளிகள் வருவதில்லை. ஆகவே அங்கே அவர் பலகையே வைத்ததில்லை. லிஃப்டை விட்டு வெளியே வந்தால் இரண்டு பக்கமும் நீளமான நடை, சாம்பல் நிறக் கதவுகள், ஒன்றிலும் எழுத்தில்லை. யாரையாவது கேட்கலாம்தான். ஆனால் ஊருக்கே வழி காட்டுகிறவர் வழி கேட்டால் சிரிப்பார்கள். எதற்குக் கேட்டார் என்று தெரிந்தால் சிரிக்கமாட்டார்கள். அது இன்னும் மோசம்.

முதல் வாரம் அவர் திறந்த கதவுக்குப் பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கதவை மூடிவிட்டு வீடு திரும்பினார்.

அடுத்த வாரம் இன்னொரு கதவு. உள்ளே நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வட்டமாகத்தான் உட்காருவார்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். அப்பாடா என்று போய் உட்கார்ந்தார். “வாங்கண்ணே, சரியான நேரத்துக்கு வந்தீங்க,” என்று நகர்ந்து இடம் விட்டார்கள். டம்ளர் கைக்கு வந்த பிறகுதான், இவர்கள் பெயின்ட் அடிக்க வந்த ஒப்பந்த ஆட்கள், இது வேறு வட்டம் என்று புரிந்தது. புரிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“கூட்டம் எங்கன்னே தெரியல,” என்றார் வீட்டுக்கு வந்து.

மனைவி அவர் வாயருகே ஒரு தடவை மோந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. “அடுத்த வாரமும் வழி தெரியலன்னு வந்தீங்கன்னா, நான் போற வழி எனக்குத் தெரியும்.”

மறுநாள் அவளுடைய பெட்டி பரணிலிருந்து இறங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. அவள் குளிக்கப் போனபோது திறந்து பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் குடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் குடித்தார்.

மூன்றாம் வாரம், யாராவது பார்த்தால் வேலையாக வந்ததாக இருக்கட்டும் என்று அளவெடுக்கும் டேப்போடு அடித்தளத்துக்கு இறங்கினார். சலவைப் பிரிவு அக்கா அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தாள்.

“என்ன தம்பி, சுவர் வளர்ந்திருக்கா?”

“இங்க ஒரு பலகை வைக்கலாமான்னு பார்த்தேன்க்கா.”

“இப்பத்தான் தோணுச்சாக்கும். போன வருஷம் நானே வந்து கேட்டேனே, எழுத்து வேண்டாம், ஒரு அம்பு மட்டும் வைங்கன்னு. என்ன சொன்னீங்க?”

அவருக்கு நினைவிருந்தது. “எங்க போகுதுன்னு சொல்லாத அம்பு அம்பே இல்லன்னு சொன்னேன்.”

“அதோட விட்டீங்களா? என்னக்கா, ரகசியச் சபையா நடத்துறீங்கன்னும் கேட்டீங்க.”

“கேட்டேன்.”

“என்ன கூட்டம்னு எழுதிப் போட்டா ஒருத்தனும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டான் தம்பி. அதான் அம்பு மட்டும் கேட்டேன்.”

டேப் அவர் கையிலிருந்து சர்ரென்று உள்ளே சுருண்டது. “நீங்களும் அந்தக் கூட்டத்துக்குத்தான் போறீங்களாக்கா?”

“இந்த வண்டியைப் பிடிங்க. அழுக்குத் துணி தள்ளுறவனை எங்க போறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

பிடித்தார். வண்டி லிஃப்டுக்கு இடப்பக்கம் திரும்பியது. இரண்டு வாரமும் அவர் வலப்பக்கம் போயிருந்தார்.

கிழிந்த போர்வைகளைப் போட்டு வைக்கும் அறை. மடக்கு நாற்காலிகள், ஒரு டீ ஃபிளாஸ்க். யாரும் அவரிடம் பேர் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு சமையல்காரர் மட்டும் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: “சுலபமா வந்து சேர்ந்தீங்களா?”

“இல்ல, ரெண்டு வாரம் சுத்தினேன்.”

“பரவாயில்ல. நான் மொத தடவை பின்கட்டுல பிணவறைக்கே போயிட்டேன். அதுக்கு மட்டும் நல்லாப் பெரிசாப் பலகை வச்சிருக்கான்.”

“நான்தான் வச்சேன்,” என்றார் அம்பு.

அன்றைய கூட்டத்தில் அவர் பேசியது அவ்வளவுதான். மற்றவர்கள் பேசியதை உட்கார்ந்து கேட்டார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து, அவர் மூச்சு படும் தூரத்தில் சற்று நேரம் நின்றாள்.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

பெட்டியை அவள் பரணில் ஏற்றவில்லை. “அதுவும் இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும்,” என்றாள்.

மறுநாள் காலை, அடித்தளத்தில் லிஃப்டுக்கு எதிர்ச் சுவரில், ரசமட்டம் வைத்து, எழுத்து எதுவும் இல்லாத ஓர் அம்பை இடப்பக்கம் பார்க்க ஒட்டினார். அடுத்த வாரம் அது காட்டிய பக்கம் போனார்.