செல்வராஜ் அண்ணனுக்கு நான் எழுதிக் கொடுத்த அட்டை

போன வாரம் மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்க அவளுடைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். லிஃப்ட் சுவரில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். தவறு நடந்தால் தயங்காமல் சொல்லுங்கள், உங்களை யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று கீழே ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஏழாவது மாடி வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்த ஏசி குளிரில் மெஷின் எண்ணெய் வாடை அடித்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இளவயதில், தெலுங்கு பேசும் ஊரான பாலாநகரில் நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையை அப்போதுதான் ஒரு ஸ்வீடன் கம்பெனி வாங்கியிருந்தது. லார்ஸ் என்ற பாதுகாப்பு அதிகாரி அங்கிருந்து வந்து மூன்று நாள் வகுப்பெடுத்தார். ஒரு பெட்டியும் மஞ்சள் அட்டைகளும் வைத்தார். விபத்து நடக்கப்போய்த் தப்பித்தால், தன் தப்பாகவே இருந்தாலும், எழுதிப் போடவேண்டும். எழுதியவருக்குத் தண்டனை கிடையாது, நன்றிதான். அவர்கள் ஊரில் அப்படித்தானாம். நானோ உடைத்த கண்ணாடி டம்ளரைக் குப்பைக்கு அடியில் ஒளித்து வளர்ந்தவன். ஆனாலும் அந்த மூன்று நாளில் ஐரோப்பாவையே கரைத்துக் குடித்துவிட்ட நினைப்பு வந்துவிட்டது. புது ஷூ வேறு.

செல்வராஜ் அண்ணன் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுபவர். அவருடைய அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். வீடு திருமுல்கேரியில், பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே சிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. வேகத்துக்காக எல்லோரும் ஒரு பொத்தானைக் கம்பியால் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். கம்பியைக் கொடுப்பதே சூப்பர்வைசர்தான். ஒருநாள் அண்ணனின் கை மயிரிழையில் தப்பியது. கையுறையின் நுனி மட்டும் நசுங்கியது.

"அட்டை எழுதிடலாம்ணே."

"நக்கோ, வேணாம் தம்பி. இன்னாத்துக்கு வம்பு? நாமளே போயி கழுத்த நீட்டணுமா?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. நான் இருக்கேன்ல."

"ஹவ், சரி, படிச்சவன் நீ சொல்றே. எழுது."

நான் இருக்கிறேனாம். வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து மாதம் பாக்கியிருந்தவன்.

அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. நான் எழுதினேன், அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். லார்ஸ் நேரில் வந்து கையைக் குலுக்கி, எங்களையெல்லாம் கைதட்டச் சொன்னார். துணிச்சலான தொழிலாளி என்று பாராட்டி, அட்டையைப் படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து எங்கள் மேனேஜருக்குக் கேள்வி வந்தது. பொத்தானைக் கட்டும் வழக்கம் உங்கள் ஆலையில் எப்படி வந்தது?

லார்ஸுக்கு அந்த அட்டை நாலு பேர் கையைக் காப்பாற்றும் தகவல். மேனேஜருக்கு அது குற்றவாளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம். மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேலிடம் கேட்டால் யாரையாவது கைகாட்டியாக வேண்டும் என்றே பழகியவர்.

விசாரணையில் என்னிடம் இரண்டே கேள்விகள். இது உன் எழுத்தா? அவராகத்தான் சொன்னாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றேன். கம்பி கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம்தான், வேறென்ன. எதிரே அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை போயிற்று.

அடுத்த முறை வந்த லார்ஸ் அவரைத் தேடினார். சொந்த வேலையாக ஊருக்குப் போய்விட்டார் என்றேன். வந்தவர் மனம் நோகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் அல்லவா. பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். எல்லாம் நன்றாக நடக்கிறது என்றேன். அவர் மூடியைச் சாத்தினார்.

அண்ணன் இடத்துக்கு நரசிம்மா வந்தார். பிரஸ் சில சமயம் தானாகவே இன்னொரு தடவை இறங்குகிறது என்று டீ குடிக்கும்போது என்னிடம் தெலுங்கில் சொன்னார். எழுதலாமா என்று அவர் கேட்கவில்லை. எழுது என்று நானும் சொல்லவில்லை. மெயின்டனன்ஸில் போய்ச் சொன்னால், சொன்னது யார் என்று கேட்பார்கள்.

அந்த ஆலை இப்போது இல்லை, அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. திருமுல்கேரி வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அண்ணன் குடும்பம் எங்கே போனதென்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியவில்லை. நரசிம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. என்னிடம் சொன்ன எட்டாம் நாள் அவை போயின.