பட்டப்பகலில் எரிந்த விளக்கு

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருஷம் தெருவிளக்குக் கம்பம் ஏறியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கம்பத்தண்ணன். ஏணியிலிருந்து விழுந்து இடது முழங்கால் மடங்காமல் போன பிறகு, அவரைப் புகார் மேஜையில் உட்கார வைத்தார்கள். அது எனக்குப் பக்கத்து மேஜை. நான் பிறப்பு இறப்புப் பதிவு.

முதல் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரைக் கடிக்கிற நாயைப் பார்ப்பது போலத் தள்ளி உட்கார்ந்தே பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். தேடிய எழுத்து கண்ணில் பட்டதும், "அகப்பட்டியா!" என்பார். கூடமே சிரிக்கும்.

அந்தப் புகார் மென்பொருள் எங்கள் ஊரில் பிறந்ததல்ல. மூன்று மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் வேறொரு நகராட்சியில், கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியது. திறந்த மூல மென்பொருள் என்பார்கள். எந்த அலுவலகமும் அதை எடுத்துக்கொள்ளலாம், தன் வசதிக்கு மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். அப்போது நான்கு ஊர்கள் அதில் சேர்ந்திருந்தன. எடுத்துக்கொண்டோமே தவிர, திருப்பிக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒருநாள் காலை, பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் கோபமாக வந்து நின்றார்.

"ஆறு தடவை புகார் குடுத்துட்டேன். ஆறு தடவையும் 'சரி செய்யப்பட்டது'ன்னு மெசேஜ் வருது. விளக்கு அப்படியேதான் இருக்கு."

"எரியலையாம்மா?" என்றார் அண்ணன்.

"எரியுதுங்க! பட்டப்பகல்ல எரியுது. அணையவே மாட்டேங்குது!"

அண்ணன் திரையைப் பார்த்தார். தெருவிளக்குக்கு அதில் ஒரே ஒரு புகார்தான் இருந்தது: 'விளக்கு எரியவில்லை'. டீச்சர் வேறு வழியில்லாமல் அதைத்தான் அமுக்கியிருக்கிறார். ஏணிக்காரர்கள் பகலில் போய், விளக்கு ஜோராக எரிவதைப் பார்த்து, 'சரி' என்று குறித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஆறு தடவையும்.

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முறைத்துக்கொண்டிருந்த டீச்சரும் விஷயம் புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். அவரை அனுப்பிவிட்டு, திரையின் அடியில் இருந்த நம்பருக்கு அண்ணன் போன் போட்டார்.

"ஏம்மா, பகல்ல எரியற விளக்குக்கு உங்க பட்டியல்ல இடமே இல்லையே?"

மென்பொருளை எழுதிய அந்தப் பெண்தான் போனை எடுத்திருந்தாள். "அண்ணே, நீங்க யாரு?"

"கம்பம் ஏறினவன்மா."

"அப்ப போனை வச்சிடாதீங்க. வேற என்னென்ன இல்லைன்னு சொல்லுங்க. நான் ஒரு கம்பத்தையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்ல."

ஒரு மணி நேரம் பேசினார். மினுக்கிக்கொண்டே இருக்கிற விளக்கு, மரக்கிளை மறைக்கிற விளக்கு, மழையில் தொட்டால் ஷாக் அடிக்கிற கம்பம். "கம்பத்து நம்பர் யாருக்கும்மா தெரியும்? 'மாவு மில்லுக்கு எதிர்ல'ன்னுதான் சொல்வாங்க. அப்படியே எழுத ஒரு கட்டம் வைங்க."

அடுத்த திங்கட்கிழமை எல்லாமே திரையில் இருந்தன. எங்கள் திரையில் மட்டுமல்ல, நான்கு ஊரிலும். அண்ணன் அன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டுவிட்டார். "நான் இங்க சொன்னது அங்கயும் ஓடுதா?" என்று என்னை இரண்டு தடவை கேட்டார்.

அதன் பிறகு, அண்ணன் 'தங்கச்சி' என்றே சொல்ல ஆரம்பித்த அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை தோறும் கூப்பிடுவது வழக்கமாயிற்று. ஊர்கள் பன்னிரண்டாயின.

அப்போதுதான் புதிய கமிஷனர் வந்தார். நல்ல மனிதர், ஊர்ப்பற்று மட்டும் கொஞ்சம் தூக்கல். "யோசனை நம்மளது, அனுபவிக்கிறது ஊரெல்லாமா? நமக்குன்னு தனியா ஒண்ணு வச்சுக்கலாம்" என்று ஒரு கம்பெனியை அழைத்து, அன்றிருந்த பிரதியைப் பிரித்து, முகப்பில் அலுவலகத்தின் படத்தைப் போட்டு, எங்களை மற்ற ஊர்களிடமிருந்து துண்டித்துவிட்டார்.

"சார், நாம குடுத்தது கொஞ்சம்தான். இனிமே அவங்க குடுக்கறதும் நமக்கு வராதே" என்றார் அண்ணன். கமிஷனர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு மலைப்பகுதி நகராட்சி புதிதாக ஒன்றைச் சேர்த்தது. அன்றைய புகார்களையெல்லாம் தெருவாரியாகக் கோத்து, ஏணி வண்டி எந்த வழியாகப் போனால் சுற்ற வேண்டாம் என்று காட்டுகிற வசதி. செவ்வாய்க்கிழமைப் போனில் தங்கச்சி அதை அண்ணனுக்கு விவரித்தாள். போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னார்:

"நான் விழுந்த அன்னிக்கு ஒரே தெருவுக்கு மூணு தடவை ஏணியைத் தூக்கிட்டுப் போனோம். மூணாவது தடவை காலு நடுங்கிடுச்சு."

மறுநாள் காலை, அவருடைய பழைய கூட்டாளியும் ஏணிக் குழுவின் தலைவருமான, ஒல்லியாய் நெட்டையாய் இருப்பதால் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கியவரைக் கூட்டிக்கொண்டு கமிஷனர் அறைக்குள் போனார். நானும் ஒரு ஃபைலைச் சாக்காக எடுத்துக்கொண்டு பின்னால் நுழைந்தேன்.

"சார், நேத்து எத்தனை தடவை மில்லுத் தெருவுக்குப் போனீங்கன்னு இவனைக் கேளுங்க."

"நாலு தடவை சார்," என்றார் ஒட்டடைக்குச்சி, தோளைத் தடவிக்கொண்டே. "அந்தத் தெரு நாய்கூட இப்ப எங்களைப் பார்த்துக் குலைக்கறதில்ல."

கமிஷனர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. அண்ணன் அந்த மலையூர் வசதியைப் பற்றிச் சொன்னதும், அது நம்மிடம் ஏன் இல்லை என்று அவரே கேட்டார். அண்ணன், மேஜைத் திரையின் முகப்பில் இருந்த அலுவலகப் படத்தை மட்டும் பார்த்தார். பத்து நாளில் நாங்கள் மறுபடி பொதுப் பிரதிக்குத் திரும்பினோம். கமிஷனருக்காக அந்தப் படத்தையும் ஒரு மூலையில் வைக்க இடம் செய்து கொடுத்தாள் தங்கச்சி.

அந்த வருஷக் கடைசியில், மென்பொருளுக்கு உழைத்தவர்களின் பட்டியல் ஒன்றை வெளியிடப் போவதாகச் சொன்னாள்.

"உங்க பேரை எப்படிப் போடட்டும்ணே?"

"நான் ஒரு வரி எழுதலையேம்மா. ஏணிக் குழுன்னு போடு. ஏறி இறங்கறவங்க அவங்கதானே."

வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அவர் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, "உங்க பேரு எங்க?" என்று கேட்டாராம். பதில் பிடிக்காமல், சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு மெஷினுக்கே திரும்பிவிட்டாராம்.

அடுத்த நாள் மதியம், அண்ணன் அலுவலகத்தில் இருந்த நேரத்தில், அந்த அம்மா தானே தங்கச்சிக்குப் போன் போட்டிருக்கிறார்.

"நான் அவரு வீட்டுக்காரி பேசறேன். அவரு கூச்சப்படுவாரு, அப்படித்தான் சொல்வாரு. நீங்க பேரைப் போட்டுருங்கம்மா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"அண்ணி," என்றாளாம் அவள், "அவரு வேண்டாம்னு சொன்ன அன்னிக்கே போட்டுட்டேன். ஏணிக் குழுவுக்கு மேல, தனி வரியில."