ஒடிந்த டிரெய்லர் பின்

திருச்சுழி ரோட்டில் லோடோடு போகும்போது, டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் இரும்புப் பின் இரண்டாக ஒடிந்தது. டிரெய்லர் கவிழ்ந்தது, ஓட்டிய என் மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

துண்டுகளைப் பந்தல்குடி லாரிப் பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். ஒல்லியான மனிதர், புருவம் கருகியிருந்தது. எந்த இரும்பையும் சுத்தியலால் தட்டி, கண்ணை மூடிக் கேட்பார். இதைத் தட்டவில்லை. ஒடிந்த இடத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"லாரி ஆக்சில் இரும்புல அடிச்சது. குரோமியம் கலந்திருக்கும், தண்ணி ஆகாது. பழுக்கக் காச்சி இதைத் தண்ணியில தோய்க்கச் சொன்னது யாரு?"

"நான்தாண்ணே. பழசு வளைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இது வளையவே கூடாதுன்னு எங்க ஊர்க் கொல்லர்கிட்டச் சொன்னேன்."

"அதான் வளையல." அவர் சிரிக்கவில்லை. "எண்ணெயில தோய்ச்சு, மறுபடி மிதமா சூடு காட்டியிருக்கணும். இப்ப கெட்டிதான், கண்ணாடி மாதிரி. வளைஞ்சிருந்தா உங்க மகன் பாத்திருப்பாரு. இது சொல்லாமப் போயிருச்சு."

அவரே புதிதாக ஒன்று செய்து தந்தார்.

"இது வளையுமாண்ணே?"

"வளையும்" என்றார், நல்ல செய்தி சொல்பவரைப் போல.

நாளைக் காலையில் மகன் லோடு எடுக்கிறான். அந்த மனிதர் சொன்னதற்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.