மருந்து அடிக்காத மலை

எங்கள் ஊரில் மலையைப் படமாகப் போடுகிறவர்கள் முதலில் சிவப்பை வாங்கிவிட்டு அப்புறம்தான் தாளை வாங்குவார்கள். நெருப்பு மலையாயிற்றே, வேறு நிறத்தில் போட்டால் யார் காசு கொடுப்பார்கள்? உச்சியில் ஒரு தீபம், கீழே கோபுரங்கள், ஓரமாக ஒரு பௌர்ணமி. கண்ணாடி பிரேம் கடை வைத்திருக்கும் சைஃபுல்லா இப்படிப்பட்ட சிவப்பு மலைகளுக்குச் சட்டம் அடித்தே குடும்பத்தை நடத்தியவர். அவர் மனைவி பிர்தௌஸ் அத்தனைக்கும் கண்ணாடி அறுத்தவள். வைர முனையை வைத்து அவள் ஒரு இழுப்பு இழுத்தால் கண்ணாடி “சரிம்மா” என்று பதில் சொல்லிவிட்டுப் பிளக்கும். அதே தெருவில் குடியிருக்கிற டீச்சர் நான், என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

சட்டம் போட வந்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி, உடைந்த துண்டுகள் கிடந்த பெட்டி ஒன்றைத் தனக்கு வேண்டாம் என்று கடையிலேயே விட்டுப்போனாள். பார்வைக்கு சாக்பீஸ் மாதிரி இருந்தது. பிர்தௌஸ் அதில் ஒரு நீலத் துண்டை எடுத்து, அறுத்துப்போட்ட அட்டையில் ஓர் இழுப்பு இழுத்தாள். கோடு விழவில்லை; நிறம் மாவாக உதிர்ந்து உட்கார்ந்தது. விரலால் தேய்த்தால் பரவியது. மெழுகு கிடையாது, எண்ணெய் கிடையாது, தண்ணீர் கிடையாது. வெறும் நிறம். பெட்டியின் மேல் ‘சாஃப்ட் பேஸ்டல்’ என்று எழுதியிருந்தது. அன்றைக்கு சைஃபுல்லா மத்தியானச் சோற்றைத் தானே போட்டுக்கொண்டார். அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு மலைதான். மழை விட்டதும், பாறை பாதி காய்ந்து பாதி ஈரமாக இருக்கும்போது, கடை மாடியிலிருந்து தெரிகிற மலை. அப்போது அது சிவப்பாகவும் இருக்காது, பச்சையாகவும் இருக்காது. புறாவின் கழுத்தில் சாம்பலைத் தூவியது போல ஒரு நிறம். துணி காயப்போட மாடிக்கு ஏறிய காலத்திலிருந்தே அவள் அதைப் பார்த்து வருகிறாள். அதை அப்படியே, அதே நிறத்தில், இந்த ஊர்ச் சுவர் ஒன்றில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். கேட்டால் சின்ன ஆசைதான்.

“ஊர்ல அல்லாரும் செவப்புன்றாங்க, நீ மட்டும் சாம்பல்ன்றியே. கண்ணு டாக்டரைப் பாக்கலாமா?” என்றார் சைஃபுல்லா.

“அவுங்கல்லாம் உச்சில தீபம் ஏத்துற அன்னிக்குப் பாக்கறாங்க. நான் மீதி நாளெல்லாம் பாக்கறேன்.”

அந்த உடைந்த பெட்டியில் அவள் தேடிய நிறம் இல்லை. ஸ்டேஷனரி கடையில் கேட்டதற்குப் பிள்ளைகள் கிறுக்கும் மெழுகுக் குச்சியை எடுத்து நீட்டினார்கள். சென்னையிலிருந்து வரவழைத்த பெட்டியில் நீலம் நீலமாகவும் சாம்பல் சாம்பலாகவும் தனித்தனியே இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் சேறு மாதிரி ஆயிற்று. கடையில் இல்லாததை வீட்டிலேயே செய்துகொள்வது என்று அவள் முடிவெடுத்தது அப்போதுதான். அந்த நாளிலிருந்து அந்த வீட்டில் டீ வடிகட்டி டீயைப் பார்த்ததே இல்லை.

வேங்கிக்கால் பக்கம் புது வீட்டு மனைகளில் போர் போடும்போது, குழாயோடு சாம்பல் நிறக் கல்மாவு பீய்ச்சியடித்து வெளியே வருமே, அதை ஒரு வாளி அள்ளி வந்தாள். “மலையோட வேரு டீச்சரம்மா, இது” என்று என்னிடம் காட்டினாள். தண்ணீரில் கரைத்துக் கலக்கி, கரடுமுரடான மணல் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அதையும் தெளியவைத்து, கடைசியில் முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெல்லிய வண்டலாக எடுத்தாள். அதோடு வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடி, ஒரு சிட்டிகை காவி, குச்சிக்குப் பருமன் கொடுக்க, தச்சர்கள் மரத்தில் ஓட்டை அடைக்க வாங்கும் சாக் பவுடர். நிறம் வந்துவிட்டது. குச்சியாகப் பிடித்து நிறுத்த ஒரு பசை வேண்டுமே?

இந்த இடத்தில்தான் அவள் ஒரு தப்பு செய்தாள். அவளைத் தவிர உலகத்தில் எந்த ஓவியருக்கும் இந்தத் தப்பு தோன்றியிருக்காது. அது ரமலான் மாதம். பள்ளிவாசலிலிருந்து தினமும் தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி வரும். கஞ்சி போட்டால் வேட்டி விறைக்கிறதே, நிறம் விறைக்காதா என்று யோசித்து, மிஞ்சியதை வடிகட்டி மாவில் ஊற்றிப் பிசைந்து குச்சி உருட்டிவிட்டாள். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் கறியும் இறங்கிய கஞ்சி! குச்சி அருமையாகத்தான் வந்தது. படமும் முடிந்தது. பட்டையும் கிராம்பும் மணக்க மலை சுவரில் சாய்ந்து நின்றது. விடிந்து பார்த்தால், மலையின் தென்பக்கச் சரிவை எலி தின்றிருந்தது. மிச்சத்தை எறும்பு வரிசையாகச் சுமந்து போய்க்கொண்டிருந்தது. அந்த எறும்புகள் எல்லாம் நீலமாக இருந்தன என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை.

சைஃபுல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எலிக்கும் நோம்பு தொறக்க வெச்சிட்டியேம்மா, நன்மைதான்!”

“சிரிங்க, நல்லா சிரிங்க. உங்க செவப்பு மலைய ஒரு எலியாவது மோந்து பாத்துதா?”

அடுத்தது பாதாம் பிசின். சர்பத்தில் போடுவதற்கு அந்த வீட்டில் எப்போதும் இருப்பதுதான். ஊறவைத்து, வடிகட்டி, தண்ணீராக நீர்க்க வைத்து, அளவு மாற்றி மாற்றிக் குச்சி உருட்டிப் பார்த்தாள். பிசின் ஜாஸ்தியானால் குச்சி கல்லாகித் தாளைக் கீறியது. கம்மியானால் கையிலேயே பொடியாகியது. வெயிலில் காயவைத்தால் வெடித்தது; மாடிப்படிக்கு அடியில், நிழலில், செய்தித்தாளின் மேல் பரப்பினால் ஒழுங்காகக் காய்ந்தது. ஒரு குரங்கு வந்து நல்ல நீலக் குச்சியாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு போனதும் அப்போதுதான். நீல வாயோடு அது கிரிவலப் பாதையிலேயே நடந்து அடி அண்ணாமலை போய்ச் சேர, அங்கே ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாழைப்பழச் சீப்பு கொடுத்தார்களாம். நான் பார்க்கவில்லை. பார்த்தவரைப் பார்த்தேன்.

குச்சி தயாரானதும் தாள் காலை வாரியது. கஞ்சிப் பிசுக்கு இல்லாததால் வழவழப்பான தாளில் மாவு நிற்காமல் வழுக்கி இறங்கியது. நிறத்தைக் கவ்விப் பிடிக்கத் தாளுக்குப் பல் வேண்டும். உப்புத்தாளில் போட்டுப் பார்த்தாள். குச்சி பாதி கரைந்தது, விரல் தோல் மீதி கரைந்தது. கடைசியில் தள்ளுவண்டியில் கோலமாவு விற்கும் கருப்பனை நிறுத்தினாள்.

“இன்னா பாயம்மா, கூடை கூடையா அள்றீங்க? வாசல்ல தேர்க்கோலம் போடப் போறீங்களா?”

“ஆமா, உன் வூட்டு வாசலுக்கும் சேத்துப் போடறேன். சுத்தமான கல்லு மாவுதானே? அரிசி மாவு கலக்கலயே?”

“அரிசி விக்கற வெலைக்கு அத்த கலந்துட்டு நான் இன்னாத்த துன்றது?”

“கலந்திருந்தா சொல்லிடு. எங்கூட்டு எலிக்கு ஒரு தடவ விருந்து வெச்சதே போதும்.”

அந்தக் கல்மாவைப் பழைய மெல்லிய துப்பட்டாவில் சலித்து, பசையில் குழைத்து, கொஞ்சம் காவி சேர்த்து, கடையில் படத்துக்குப் பின்னால் வைக்கும் கெட்டி அட்டையில் குறுக்கும் நெடுக்குமாகப் பூசிக் காயவைத்தாள். தொட்டுப் பார்த்தால் பூனை நாக்கு மாதிரி இருந்தது. காவித் தரையில் சாம்பல் நீலம் விழுந்தபோது, அடியிலிருந்த செம்மண் நிறம் அங்கங்கே எட்டிப் பார்க்க, மழை விட்ட மலை அப்படியே எழுந்து உட்கார்ந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தேன். வெளியே கொளுத்துகிற வெயில்.

ஊரின் மறுகோடியில் வளவன் என்கிற இளைஞன் ஒரு ஓவியக் கூடம் நடத்துகிறான். நல்ல பையன், தாடி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. கார்த்திகைக்கு முன்னால் உள்ளூர்க்காரர்களின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி போடப்போவதாகச் சொன்னான். பிர்தௌஸ் படத்தைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள். துணைக்கு என்னையும் இழுத்துப்போனாள்.

அவன் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, “ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். முன் ஹால்லயே வைக்கலாம். ஒரே ஒரு கண்டிஷன். ஃபிக்ஸேட்டிவ் அடிச்சிடணும்” என்று டின் ஒன்றை எடுத்துக் குலுக்கினான். “இதை அடிச்சா தூள் உதிராது. போன வருஷம் ஒரு முகப் படத்தை வேடிக்கை பாக்க வந்த குழந்தை தடவி, ஒரு கன்னமே போயிடுச்சு. வரைஞ்சவங்க எங்கிட்ட அழுதாங்க.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பிர்தௌஸும் அடம்பிடிக்கவில்லை, டின்னை வாங்கி, கைப்பையிலிருந்து அதே நிறம் பூசிய சின்ன அட்டைத் துண்டை எடுத்து அதன்மேல் ஒரு தடவை அடித்தாள். அந்தப் புறாக் கழுத்து எங்கள் கண்ணெதிரே நனைந்த காக்கையானது. காய்ந்த பிறகாவது திரும்புமா என்று காத்திருந்தோம். காக்கை கொஞ்சம் வெளுத்தது, புறா திரும்பவில்லை.

“லேசா டல் ஆகும். மத்தவங்களுக்கு வித்தியாசமே தெரியாது மேடம்.”

“எனக்குத் தெரியுதே.” டின்னை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள். “கல்லக்காய்ச் செடிக்கு அடிக்கற மாரி மலைக்கு மருந்து அடிக்கச் சொல்றியே தம்பி, மலைல இன்னா பூச்சியா வுழுந்திருக்கு?”

“எல்லாருக்கும் ஒரே ரூல்தான் மேடம். அடிக்காம வைக்க முடியாது.”

“அப்ப வெக்காத.”

துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆட்டோவில் அவள் படத்தை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் இறங்கியதும் நேராக உள்ளே போய் சைஃபுல்லாவைக் கல்லாவிலிருந்து எழுப்பினாள்.

“ஏங்க, அந்த முத்து வெச்ச அம்மன் படத்துக்கெல்லாம் போடுவீங்களே, ஆழமான பொட்டி, அது ஒண்ணு அடிக்கணும்.”

“எதுக்கு? படத்தத் திருப்பிக் கொண்டாந்துட்டியே, அவன்தான் வேணாம்னுட்டான் போலருக்கே.”

“அவன் தூள் கொட்டும்னுதான் வேணான்றான். கொட்டறதுக்கு நான் எடம் பண்ணித் தரேன்.”

கண்ணாடி படத்தைத் தொட்டால் பாதி மலை கண்ணாடியோடு போய்விடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு மரத் துண்டுகளை நாலு பக்கமும் வைத்தாள். அந்தத் துண்டுகளையும், படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டிவைக்கிற சுற்று அட்டைக்குப் பின்னால் ஒளித்து, உதிர்கிற தூள் யார் கண்ணிலும் படாமல் அடியில் விழும்படி ஒரு சந்து விட்டாள். சைஃபுல்லா முணுமுணுத்துக்கொண்டே ஆணி அடித்தார். முணுமுணுப்பு நின்ற இடத்தில் அவர் படத்தை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். “மழ வுட்ட நேரம்னு சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும் இல்ல?” என்றார். மாதக்கணக்காக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவள் சுத்தியலைப் பார்த்தாள். பிறகு அவர் தலையைப் பார்த்தாள். நல்லவேளை, ஆணியை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

மறுபடியும் வந்து நின்ற பெட்டியை வளவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குற்றம் சொல்ல எதுவும் அகப்படவில்லை. ஆனால் முன் ஹால் நிரம்பிவிட்டது. அங்கே விளக்கு வேறு கண்ணாடியில் எதிரடிக்கும்.

“ஒரே ஒரு எடம்தான் இருக்கு மேடம். சொல்லவே சங்கடமா இருக்கு. பாத்ரூம் போற வழி.”

இதைக் கேட்டால் திரும்பிப் போய்விடுவாள் என்று அவன் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“பாக்க வர்றவங்க அல்லாரும் பாத்ரூம் போவாங்களா?” என்று கேட்டாள் பிர்தௌஸ்.

“போவாங்க... டீ கொடுக்கறோமே.”

“அப்ப மாட்டு. மருந்து மட்டும் கிட்ட வரக்கூடாது.”

கண்காட்சி அன்று முன் ஹாலில் பலவகைச் சிவப்பில் மலைகள் மாட்டியிருந்தன. ஜனங்கள் அவற்றைப் பார்த்தபடியே நடந்தார்கள். பாத்ரூம் வழியில் மட்டும் நின்றார்கள், வேறு வழியில்லை, வரிசை அப்படி. ஒருவர் தன் முறை வந்தும் பின்னாலிருப்பவரை முன்னே போகச் சொன்னார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒருவர் மூன்று டம்ளர் டீ குடித்தது தாகத்துக்காக இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். “மழ நின்னா எங்க நெலத்துலேருந்து இப்டித்தாங்க தெரியும். இத்த ஏன் யாருமே போடறதில்ல?” என்று அவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். சைஃபுல்லா சற்றுத் தள்ளி நின்று, ‘சட்டம் நம்ம கடையில் அடித்தது’ என்று கேட்காதவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வளவன் வந்தான். நெரிசலைப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினான்.

“மேடம், நாளைக்கு இதை முன் ஹாலுக்கு மாத்திடறேன். நடுச் சுவர். கண்ணாடியைக் கழட்டிட்டு லேசா ஒரே ஒரு கோட் மட்டும்... பாருங்க, ஓரத்துல தூள் தெரியுது.”

உண்மைதான். ஆட்டோ குலுங்கியதில் கொஞ்சம் தூள் அடியில் விட்ட சந்தில் விழாமல், சுற்று அட்டையின் கீழ் விளிம்பில் நூலளவுக்கு நீலமாகப் படிந்திருந்தது. பிர்தௌஸ் குனிந்து பார்த்தாள். எனக்குத் தெரியும், அந்த நடுச் சுவரின் மேல் அவளுக்கு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் அது என் பொய்களிலேயே பெரிய பொய்யாக இருக்கும்.

“கொட்டட்டும் தம்பி. அந்த மலைலயும்தான் மழைக்கு மழை கரைஞ்சி கொட்டுது. அதுக்கு எவனும் கோட் அடிக்கல. இது இங்கியே இருக்கட்டும், இந்தக் கலர்லயே இருக்கட்டும்.”

அவன் பதில் சொல்வதற்குள் அவள் வரிசையின் பக்கம் திரும்பிவிட்டாள்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கண்ணாடி மேல மூச்சு வுடாதீங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு மலை தெரிய வேணாமா?”